புடுங்கிப் போட்டா முடிஞ்சுதா?

மாட்டுச் சந்தைக்குப் போனா நாம முதல்ல பண்றது வாயைத் திறந்து பல்லைப் பாக்கறதுதானுங்க. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சான்னு பாத்துத்தான் வெலையே பேசுவோம். பல்லு தேஞ்ச மாடு தீனி எடுக்காது, தேறாது. இது நமக்கு நல்லாத் தெரியும். ஆனா ஊட்டுப் பெரியவங்களுக்குப் பல்வலின்னா மட்டும், "இந்த வயசுல எதுக்குச் செலவு, புடுங்கிப் போடுங்க"ங்கறோம்.

எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஒவ்வொண்ணாப் புடுங்குனோம். பல் செட்டு குத்துதுன்னு டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. அவிச்ச கடலைக்காயக்கூட மசிச்சுக் குடுத்தாத்தான் உண்டு.

போன மாசம் அப்பாவுக்குக் கடவாய்ப் பல் வலி. வயசு 74. "நானென்ன இன்னும் அம்பது வருசமா இருக்கப் போறேன்? புடுங்கச் சொல்லு சாமி"ன்னாரு. பல்லை நெனச்சுச் சொல்லலை, என் பணத்தை நெனச்சுச் சொன்னாரு.

வேர் சிகிச்சைக்கு வயசு ஒரு தடை இல்லைங்க. வயசாக வயசாகப் பல்லுக்குள்ள நரம்பு போற குழாய் சுருங்கிரும். அதனால டாக்டருக்கு அதைக் கண்டுபுடிக்க நேரமாகும், அவ்வளவுதான். வலியும் சின்ன வயசு மாதிரி சுருக்குன்னு தெரியாது. தெரியறப்ப உள்ள சீழ் வெச்சிருக்கும். அதனால லேசா வலிச்சாலே காட்டிறணும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறவங்களுக்கு, புடுங்கறதை விட இதுல ரத்தக்கசிவு கம்மி. எலும்புத் தேய்மானத்துக்குச் சில மருந்து எடுக்கறவங்களுக்குப் பல்லைப் புடுங்குனா, தாடை எலும்பு ஆறாமப் போறதும் உண்டு. எந்த மாத்திரையையும் நாமளா நிறுத்தக் கூடாது. சீட்டோட போய்க் காட்டணும்.

எல்லாப் பல்லையும் காப்பாத்தலாம்னு சொல்ல வரலீங்க. வேர் வரைக்கும் பொளந்ததையும், எலும்பு கரைஞ்சு ஆடறதையும் புடுங்கத்தான் வேணும். ஆனா அதை டாக்டர் சொல்லட்டும், நாம சொல்ல வேண்டாம். செலவுதான் தயக்கம்னா, திருச்செங்கோட்டுப் பக்கம் கே.எஸ்.ஆர்.லயும் இளையாம்பாளையம் விவேகானந்தாவுலயும் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்க ஒருவாட்டி வெசாரிச்சுப் பாருங்க.

அப்பாவுக்கு மூணு தடவை போய்வந்து, கேப்பும் போட்டாச்சு. நேத்துச் சாயந்திரம் திண்ணையில உக்காந்து வறுத்த கடலைக்காய ஒடச்சுத் தின்னுட்டிருந்தாரு. பக்கத்துல அம்மா தோலு உரிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க, ஒண்ணுகூட வாயில போடாம.

அம்மாவுக்கு அன்னைக்கே இதைப் பண்ணியிருக்கலாம். உங்க ஊட்டுலயாச்சும் புடுங்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கேளுங்க.