பருமன்: நோயா, பழியா?

உடல்பருமன் ஒரு நோயா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். மனித உடம்பு ஊதிப்போவதை இந்த வட்டாரம் ஏற்கெனவே வேறொரு வடிவத்தில் பார்த்திருக்கிறது. அதற்கு யார் பொறுப்பு என்று தவறான தீர்ப்பும் சொல்லியிருக்கிறது.

யானைக்காலைத்தான் சொல்கிறேன். கொச்சிக்கு வந்துபோன ஐரோப்பியர்கள் அதற்குக் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு வந்த சாபம் அது என்றும் ஒரு கதை உலவியது. கால் வீங்கியவன் பாவி. இல்லாவிட்டால் பாவியின் பேரன். 1877ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய டாக்டர் பாட்ரிக் மேன்சன், யானைக்கால் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். அதோடு சாபக் கதை அடிபட்டுப் போனது. 1930களில் எம்.ஓ.டி. ஐயங்கார் திருவிதாங்கூரில் இந்த நோயை ஆராய்ந்தார். கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலையில் குளங்களிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளி எறியும் வேலை நடந்தது. நோய் பரப்பும் கொசுவின் புழுக்கள் அந்தச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டுதான் மூச்சு விடுகின்றன. 1955ல் தேசிய அளவில் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2004லிருந்து ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக மாத்திரை.

'நோய்' என்ற ஒரு சொல் செய்த வேலை இது. பழி மனிதனின் தலையிலிருந்து இறங்கிக் குளத்துக்குப் போனது. அரசாங்கம் குளத்தைச் சுத்தம் செய்தது.

பருமன் விஷயத்தில் நாம் இன்னும் சாபக் கதை காலத்திலேயே இருக்கிறோம். கல்யாண வீட்டில் 'கொஞ்சம் பூசினாற்போல ஆகிவிட்டாய்' என்பது பாராட்டு. அதற்கு மேல் நாலு கிலோ ஏறினால் 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்பது தீர்ப்பு. சினிமாவில் 'குண்டு' என்பது நகைச்சுவை நடிகரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டம். டாக்டரிடம் முழங்கால் வலி என்று போனாலும் முதல் வசனம் 'எடையைக் குறையுங்கள்' என்பதுதான். எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

இது பணக்காரர்களின் பிரச்சினை என்ற எண்ணமும் பழசாகிவிட்டது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் கேரளாவில் 38.1 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம். இந்திய சராசரி 24 சதவீதம்தான். கேரளாவை உதாரணமாகக் காட்டிப் பேசும் தமிழர்கள், இந்தப் பந்தயத்தில் தாங்களே முன்னால் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பருமன் நோய்தான் என்பவர்களின் வாதம் வலுவானது. 1994ல் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, பசியும் எடையும் மன உறுதியை மட்டும் பொறுத்தவை அல்ல என்பது தெளிவாகியிருக்கிறது. எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. புதிய ஊசி மருந்தான செமக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறது. அதை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லையே?

எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013ல் பருமனை நோய் என்று அறிவித்தபோது, அதன் சொந்த அறிவியல் குழுவே வேண்டாம் என்றுதான் சொன்னது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடல் எடைக் குறியீடு நம்பகமான அளவுகோல் அல்ல என்பது அதன் முக்கியக் காரணம். பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் இதைத் தன் உடம்பை வைத்தே நிரூபித்தார். அவருக்கும் பிரிட்டிஷ் டாக்டர் யட்கினுக்கும் ஒரே குறியீடு: 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியனுக்குள் ஒரு குண்டு மனிதன் ஒளிந்திருக்கலாம். இதனால்தான் நம் மருத்துவர்கள் பருமனுக்கான எல்லையை 30லிருந்து 25 ஆகவும், இடுப்புச் சுற்றளவை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. ஆகவும் இறக்கினார்கள்.

2025 ஜனவரியில் 'லான்செட்' குழு ஒரு நடுவழியைச் சொன்னது. கூடுதல் கொழுப்பு இருந்து, அதனால் இதயமோ ஈரலோ மூட்டோ மூச்சோ பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது குளிக்கவும் உடுத்தவும் நடக்கவும் சிரமப்பட்டால், அது நோய். கொழுப்பு இருந்தும் உறுப்புகள் ஒழுங்காக இயங்கினால் அது அபாய அறிகுறி, கண்காணிப்பு போதும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. கோடிக்கணக்கானவர்களை ஒரே இரவில் நோயாளியாக்காமல், நிஜமாக அவதிப்படுகிறவரைக் கைவிடாமல் இருக்க இதுவே வழி.

ஆனால் பெயர் வைத்தால் மட்டும் போதுமா? 165 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 70 கிலோவில் அவர் இந்தியக் கணக்குப்படி பருமனானவர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால் குறியீடு 40ஐத் தொட வேண்டும். அதாவது சுமார் 109 கிலோ. கட்டுப்படாத சர்க்கரை நோய், கடுமையான இதயநோய் போன்றவை இருந்தால் 35. சுமார் 95 கிலோ. இடையில் உள்ள இந்த இருபத்தைந்து, நாற்பது கிலோ தூரத்தை அவர் எப்படிக் கடப்பது? 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ ஊசியின் ஆரம்ப அளவு ஒன்றுக்கு அறிமுக விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 14,000. போட்டி மருந்துகள் பெருகி விலை சரிந்தாலும், ஆண்டுக்கணக்கில் போட வேண்டிய ஊசி இது. மட்டாஞ்சேரிக் கடையில் கணக்கெழுதும் பெண்ணின் சம்பளத்தில் இதற்கு இடம் ஏது?

அப்படியானால் குளத்துக்குத்தான் போக வேண்டும். கேரளா அதையும் முயன்று பார்த்தது. 2016 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பெயர்பெற்ற உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா வகையறாக்களுக்கு 14.5 சதவீத 'கொழுப்பு வரி' போட்டார். நாடு முழுக்கப் பேச்சு. ஆனால் புரோட்டாவும் பழம்பொரியும் நேந்திரங்காய் சிப்ஸும் வரிக்குத் தப்பின. ஒரே வருடத்தில், 2017 ஜூலையில், ஜி.எஸ்.டி. வந்து வரியையே விழுங்கிவிட்டது. எண்ணம் சரி, கொசு ஒரு குளத்தில் இருக்க, மருந்து அடித்தது வேறு குளத்தில்.

மட்டாஞ்சேரியின் உண்மையான குளம் எது? இந்தத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலைக்கான டோக்கனைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். 'சாப்பா' என்ற அந்த உலோக வில்லைக்காகத் தொழிலாளர்கள் அடித்துக்கொண்டு விழுவார்கள். 1953ல் அதை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அரை வயிற்றோடு மூட்டை சுமந்த அந்த வாழ்க்கைக்கு யாரும் ஏங்க வேண்டியதில்லை. இன்று சரக்கு கன்டெய்னரில் வருகிறது. 2011லிருந்து வல்லார்பாடத்தில் கிரேன் இறக்குகிறது. பாட்டன் முதுகில் ஏற்றியதைப் பேரன் கம்ப்யூட்டரில் பதிகிறான். தட்டில் இருக்கும் சோறும் பிரியாணியும் மட்டும் மூட்டை தூக்குகிறவனுக்கு அளந்த அளவிலேயே இருக்கின்றன. கிடங்குகளும் லாரிகளும் நெருக்கும் பஜார் ரோட்டில், மாலையில் ஒரு பெண் அரை மணி நேரம் வேகமாக நடக்க இடமில்லை.

யானைக்காலுக்கு ஒரு புழு இருந்தது. பருமனுக்கு அப்படி ஒரே எதிரி இல்லை. எண்ணெய், சர்க்கரை, நாற்காலி, மரபணு, மன உளைச்சல் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அதனால் வேலை அதிகம். செய்ய முடியாதது அல்ல. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்கள் கூடாது என்ற 2020 விதியை நகராட்சிகள் நடைமுறைப்படுத்தலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தோடு இடுப்பையும் அளக்கலாம். உறுப்பு பாதிக்கப்பட்டவருக்கு 109 கிலோ வரை காத்திருக்காமல் சிகிச்சை தரலாம். நடப்பதற்கு ஒரு நடைபாதை போடலாம்.

பருமனை நோய் என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல் ஊசி விற்பதற்கு மட்டும் பயன்பட்டால், பழி போய் பில் வந்தது என்பதைத் தவிர நோயாளிக்கு வேறு லாபமில்லை.