பாலில் தண்ணீர் பார்ப்பவர்கள் பிரேக் எண்ணெயில் பார்ப்பதில்லையே!

பால் நிறுக்கும் இடத்தில் தொழிலாளியின் வாளியில் சிறிது தண்ணீர் கலந்திருந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். மெட்ரோலாக் மானி காட்டிக் கொடுத்துவிடும், கூலியும் குறைந்துவிடும். அந்தக் கணக்கை எழுதும் கையால்தான் இதையும் எழுதுகிறேன். அதே தொழிலாளியை ஏற்றிச் செல்லும் லோரியின் பிரேக் எண்ணெயில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறதென்று பார்க்கும் நிர்வாகங்கள் எத்தனை?

"பிரேக் எண்ணெயில் தண்ணீரை யார் ஊற்றினார்கள்?" என்று கேட்கலாம். யாரும் ஊற்ற வேண்டியதில்லை. கார், வேன், சிறிய லோரிகளில் பெரும்பாலும் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 வகை எண்ணெய்களுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ரப்பர் குழாய் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்லப் புகுந்துவிடும். நம் நாட்டுப் புழுக்கத்தில் சொல்லவும் வேண்டுமா?

புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அது 140 டிகிரியில் கொதிக்கக்கூடும். டாட் 4 எண்ணெயில் 230 டிகிரி 155 ஆக இறங்கிவிடும்.

கொதித்தால் என்ன? காலின் அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்வது அந்த எண்ணெய்தான். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெயில் ஆவி கிளம்பினால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

அநியாயம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சூடு ஆறியதும் ஆவி அடங்கிவிடும். மிதி பழையபடி கெட்டியாக நிற்கும். வந்து பார்ப்பவர், "பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார். பழி முழுவதும் ஓட்டுநர் தலையில் விழும்.

அப்படிப் பழி சுமந்த ஓர் ஓட்டுநருக்காக நான் பேசப் போனேன். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். வண்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். டயர் உண்டு, இயந்திர எண்ணெய் உண்டு. பிரேக் எண்ணெய் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. சாலாக் செலாத்தானில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். ஈரம் பார்க்கும் சிறு கருவியை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. சக்கரத்தருகே திருகைத் தளர்த்தியபோது கடுங்காப்பி நிறத்தில் எண்ணெய் வடிந்தது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதிவந்தவர் நம்மைப் போன்ற ஒரு கிராணி என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

"குறையும்போது ஊற்றுகிறோமே" என்பது நிர்வாகத்தின் வழக்கமான பதில். பழைய குழம்பில் புதுத் தண்ணீர் ஊற்றினால் அது புதுக் குழம்பாகுமா? பழைய எண்ணெயை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்ப வேண்டும். பிறகு ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஒவ்வொரு சக்கரத்திலும் திருகைத் திறந்து மூடி, குமிழ் வருவது நிற்கும்வரை காற்றை எடுக்க வேண்டும். பழைய எண்ணெய் உள்ளிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். அவசரத்திற்கு இயந்திர எண்ணெய் ஊற்றுவதோ பெருங்கேடு. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

செலவு பெரிதா? எண்ணெயும் பட்டறைக் கூலியும் சேர்ந்தாலும் ஓர் உயிருக்கு ஈடாகுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது வண்டி செய்தவர் அதற்கு முன்பே மாற்றச் சொல்லியிருந்தால் அதன்படி, எண்ணெயை மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை வண்டிப் புத்தகத்தில் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். மிதி மெத்தென்று இருப்பதாக ஓட்டுநர் சொன்னால், சரிசெய்யும் வரை அந்த வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது.

இது யாசகமல்ல. வேலைக்குரிய சாதனங்களைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், விலகி நிற்கும் உரிமையையும் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் தொழிலாளிக்குத் தருகிறது.

கிராணித் தோழர்களே! நாளைக் காலை பால் கணக்கை எழுதி முடித்ததும் வண்டிப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அன்றைக்கே மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது நாளை ஓர் ஓட்டுநரைக் காக்கும்.