எங்கள் இழப்பை யார் கணக்கிடுவது?

கரைத்தீவு என்றதும் பலருக்கும் விபுலாநந்த அடிகளார் பிறந்த அம்பாறைக் காரைதீவுதான் நினைவுக்கு வரும். நான் போனது புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்கும் களப்புக்கும் இடையில் இருக்கும் மீனவர் கிராமமான கரைத்தீவுக்கு.

அங்கே ஓர் இளைஞரைச் சந்தித்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றின் பிள்ளை. பொருளியலில் முதற்பட்டம் பெற்றவர். இப்போது தகப்பனுடன் தொழிலுக்குப் போகிறார். "சேர், கண்டல் அழிந்தால் இறாலும் போயிடும் எண்டு வாப்பாவுக்குத் தெரியும். அதை ரூபாய்க் கணக்காக எழுதிக் காட்டத்தான் ஆளில்லை" என்றார்.

நான் 2009இல் வன்னியிலிருந்து வந்தவன். இருவரும் இழப்பீட்டுப் படிவம் நிரப்பியவர்கள். அதில் கூரைக்கு ஒரு கட்டம் இருந்தது. தொழிலுக்குப் போகமுடியாத ஆண்டுகளுக்குக் கட்டம் இருக்கவில்லை.

களப்பின் மறுகரையில் சீனக் கடனில் எழுந்த 900 மெகாவாற் நுரைச்சோலை அனல்மின் நிலையம். இந்தக் கரையில், கொழும்பின் குப்பையைக் கொட்டவென அமைக்கப்பட்ட அருவக்காலு. அதற்கெதிராக 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். குரல் இருந்தது. மேசையில் வைக்கச் சொந்தக் கணக்கு இருந்ததா?

இந்தக் குறையை ஆபிரிக்கா ஒரு வழியில் எதிர்கொண்டது. 1988இல் நைரோபியைத் தளமாகக் கொண்டு ஆபிரிக்கப் பொருளியல் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கொடையாளர்களுடையது. 1993இல் அது பல நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைத்துக் கூட்டு முதுமாணிக் கற்கைநெறியை ஆரம்பித்தது. அடிப்படைப் பாடங்கள் பங்கேற்ற பல்கலைக்கழகங்களில் நடந்தன. தனியொரு பல்கலைக்கழகம் நடத்தமுடியாத சிறப்புப் பாடங்களுக்காக மாணவர்கள் நைரோபியில் ஒன்றுகூடினார்கள். எதை ஆராய்வது என்பதைத் தீர்மானிக்கத் தனியான குழு இருந்தது. பணம் வெளியிலிருந்து வந்தாலும் கேள்வி உள்ளேயிருந்து வரவேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம்.

தெற்காசியாவிலும் ஒரு முயற்சி உண்டு. 2007 சார்க் உச்சிமாநாட்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, தெற்காசியப் பல்கலைக்கழகம் 2010இல் டெல்லியில் வகுப்புகளைத் தொடங்கியது. அதன் முதலிரு கற்கைநெறிகளில் ஒன்று அபிவிருத்திப் பொருளியல் முதுமாணி. இலங்கை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் களப்போரத்திலிருந்து டெல்லிக்குப் போகிறவர் எத்தனை பேர்? போனவர்கள் திரும்பி வந்து களப்பைத்தான் ஆராயவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படி ஒன்றுசேரக் கூடாது? விரிவுரையாளர் பற்றாக்குறை எல்லா இடத்திலும் பேசப்படுகிறது. பற்றாக்குறை உள்ளவர்கள்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். அளவைப் பொருளியலை ஓரிடத்திலும், மீன்வளப் பொருளியலை இன்னோரிடத்திலும் கற்பிக்கலாம். கொடையாளரிடம் கேட்கவேண்டியது புலமைப்பரிசிலும் வருகைதரு ஆசிரியரும் மட்டுமே. ஆய்வுத் தலைப்பை அவர்களிடம் விட்டுவிடக் கூடாது.

பட்டம் பெற்றவர்கள் எப்படியும் வெளிநாடு போய்விடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். சிலர் போவார்கள்தான். ஆனால் உள்ளூரிலேயே மேற்படிப்புக்கு வழி இருந்தால், தங்குகிறவர்களும் இருப்பார்கள்.

பொருளியல் படித்தவர் வந்தால் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணக்கு நீதி அல்ல. ஆனால் நட்டஈடு, மீள்குடியேற்றம், சுற்றாடல் அறிக்கை என்று எந்த மேசைக்குப் போனாலும், இலக்கத்தோடு வருபவரின் பேச்சே எடுபடுகிறது. அந்த இலக்கத்தை இதுவரை மற்றவர்களே எழுதி வந்திருக்கிறார்கள்.

புறப்படும்போது, மேலே படிக்க விருப்பமா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். "கிட்ட எங்கயாவது இருந்தால் சொல்லுங்க சேர்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஓர் இடம் இருக்கவில்லை.