கலமென்சவ்வு வெறும் வேலியோ?

கலமென்சவ்வை உள்ளீட்டைக் காக்கும் வேலியென வரையச் செய்து புள்ளியிடுகிறோம். அது வளைந்து மீள்வது பௌதிகவியலார் பாடமென்று தள்ளிவிடுகிறோம். முள்ளிக்குளம் அடங்கிய மன்னார்க் கரையை நெடுங்காலம் வாட்டிய மலேரியாவை இப்பாகப்பிரிவினையைக் கொண்டு விளக்கிவிட முடியுமா? 8 மைக்குரோன் அகலச் செங்குழியம் 3 மைக்குரோன் மயிர்க்குழாயில் நுழைவது, பரப்பளவு பெரிதும் மாறாமல் சவ்வு வளைந்து கொடுப்பதனாலேயே. குழியத்தின் இருபுறக் குழிவைக் கான்ஹாம் 1970இல் அவ்வளைவின் சக்தியால் விளக்கினார். எல்பிரிக் 1973இல் அதனைப் பொதுக் கோட்பாடாக்கினார். இலிப்பிட்டு ஈரடுக்கின் வளைவு விறைப்பு, மூலக்கூற்று வெப்பச்சக்தியின் ஏறத்தாழ 20 மடங்கே. உடற்சூட்டிலேயே சவ்வு நடுங்குகிறது. (வேலி நடுங்குமா?) பல்சிப்பாரம் ஒட்டுண்ணி சவ்வின் அடியிலுள்ள புரதவலையை இறுக்கியதும் குழியம் விறைத்து, குழாய்ச்சுவரில் ஒட்டி வழியை அடைக்கிறது. இலங்கை மலேரியாவற்றதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அக்காய்ச்சல் எவ்வாறு கொன்றது என்பதை அவ்வூர் மாணவனுக்கு எந்த விரிவுரையில் சொல்லப்போகிறோம்?