குளத்துக்கு ராம்சர் பட்டம், வயலுக்கு பிளாட் கல்லா?



2022-ல் சுசீந்திரம் - தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அந்தஸ்து குமரி மாவட்டத்துக்கே பெருமைதான். ஆனா ஒரு கணக்கு பார்ப்போமா?

தேரூர் 94 ஹெக்டேர். வேம்பனூர் 20 ஹெக்டேர்கூட இல்லை. இரண்டும் சேர்த்து சுமார் 280 ஏக்கர். நாஞ்சில் நாட்டுப் பறவைகள் அத்தனையும் இந்த 280 ஏக்கருக்குள்ளேயா இரை தேடுது?

இல்லை. நாரைக்கும் கொக்குக்கும் குளம் வீடுன்னா, வயல்தான் அடுப்படி. நத்தைகுத்தி நாரைக்கு முக்கிய இரையே நத்தை. அது தண்ணி நிக்கிற நெல்வயலில் கிடைக்கும். வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாசங்களில்தான் நம்ம கும்பப்பூ பயிரும் நிக்குது. வயல் பிளாட் ஆனா, குளம் இருந்தும் பறவைக்குப் பட்டினிதான்.

பூதப்பாண்டி வழியா வர்ற பழையாறு, ஒழுகினசேரியில் நாகர்கோவிலைத் தொட்டு, சுசீந்திரம் தாண்டி மணக்குடியில் கடல் சேருது. வழியெல்லாம் வயலும் குளமும் கால்வாயால் கோத்துக் கிடக்கு. மேலே ஒரு கால்வாயை அடைச்சா, கீழே ஒரு குளம் காயும். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. ஊர் வளரட்டும், யார் வேண்டாம்னா? ஆனா அந்த வளர்ச்சி வயல் மேலதான் ஏறணுமா?

சட்டம் காப்பாத்தாதான்னு கேட்பீங்க. 2017 ஈரநில விதிகள் ஆக்கிரமிப்பையும் குப்பையையும் சுத்திகரிக்காத கழிவையும் தடுக்குது. ஆனா அதே விதிகள் நெல்வயலையும், பாசனத்துக்காக வெட்டிய குளத்தையும் 'ஈரநிலம்' என்ற கணக்கிலேயே சேர்க்கல. ராம்சர் பெயர் இருப்பதால் தேரூருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. பக்கத்துப் பாசனக் குளத்துக்கும் வயலுக்கும் கிடையாது.

1956 வரை நாம ஒரே ஆட்சியில் இருந்த கேரளாவைப் பாருங்க. நெல்வயலைக் காக்க 2008-லேயே தனிச் சட்டம் போட்டாச்சு.

"நெல்லுல லாபம் இல்ல, விக்காம என்ன செய்ய?"ன்னு விவசாயி கேட்பது நியாயமான கேள்வி. அவரைக் குற்றவாளி ஆக்கி எந்தப் பறவையையும் காப்பாத்த முடியாது. கேரளா 2020-ல் நெல்வயலை வயலாகவே வச்சிருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ராயல்டி அறிவித்தது. தொகை சிறுசுதான். ஆனா 'இந்த வயல் ஊருக்கே பயன்படுது, அதுக்கு ஊர் காசு தரணும்' என்ற கொள்கை பெருசு.

நம் கோரிக்கை மூன்று:

✅ தமிழ்நாட்டுக்கும் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வேண்டும். கூடவே விவசாயிக்குக் கட்டுப்படியாகும் ஊக்கத்தொகையும் வேண்டும்.

✅ ராம்சர் குளங்களுக்குத் தண்ணீர் தரும் கால்வாய்களையும் சுற்றியுள்ள பாசனக் குளங்களையும் அளந்து எல்லைக்கல் நட வேண்டும்.

✅ பழையாற்றில் சுத்திகரிக்காத சாக்கடை ஒரு சொட்டும் கலக்கக் கூடாது.

நவம்பர் 1, குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். அன்றைக்குக் கிராம சபையும் உண்டு. ஊராட்சித் தோழர்கள் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவாங்க. மாநகராட்சித் தோழர்கள் உங்க பகுதி சபையில் பேசுங்க. லைக் போடுவதோட நிக்காம, தீர்மான நகலை போட்டோ எடுத்து கமெண்ட்டில் போடுங்க.

வயல் இருந்தால்தான் குளம். குளம் இருந்தால்தான் பறவை. மூணும் இருந்தால்தான் அது நாஞ்சில் நாடு.

#நாஞ்சில்வயல்காப்போம் #பழையாறுகாப்போம்