சிடுமூஞ்சிக் குழந்தையும் ஒற்றைப் பதிவுக் கணக்கும்

போன ஞாயிறு இங்கே நாக்பூரில் நம்மவர் வீட்டு வளைகாப்பு. பேச்சு எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணிடம் போனது. ஐந்து மாதக் கைக்குழந்தையை மாடிப்படியில் படுக்கவைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறார். "அது பொறவியிலேயே சிடுமூஞ்சி, இவங்க பிள்ளைங்களே இப்படித்தான்" என்றார் ஒரு மாமி. அங்கே பாதியில் விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன்.

பிறவிக் குணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி தொடங்கிய ஆய்வில் சுமார் 10 சதவீதக் குழந்தைகள் 'கடினமான' ரகம். அவையும் பெரும்பாலும் வசதியான, படித்த வீட்டுப் பிள்ளைகள்! விவரம் சொன்னது பெற்றோர். 1982-ல் சாமராஃப் குழுவினர், தாய்மார் நிரப்பிய படிவத்தையும் குழந்தையை நேரில் கவனித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குழந்தை நடந்துகொண்ட விதத்தைவிட, தாயின் பதற்றம், மனநலம், சமூக நிலை இவைதான் அந்த மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போயின.

பி.காம். படித்தவனுக்கு இது ஒற்றைப் பதிவுக் கணக்கு. அழுகையை எழுதிவிட்டோம், எதிர்ப்பதிவு எங்கே?

நானும் யோக்கியன் இல்லை. 2011-ல் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது கான்பூருக்கு மாற்றல். மனைவிக்கு இந்தி தெரியாது, பேச ஆளில்லை. நான் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். "உன் பொண்ணு சரியான பிடிவாதம்" என்று தீர்ப்பு வேறு. மாமியார் வந்து இரண்டு மாதம் இருந்தார், பிள்ளை சமர்த்தாகிவிட்டது. (வயது ஏறினால் அழுகை தானே குறையும் என்பீர்கள். சரி, அதையும் கழித்துக்கொள்ளுங்கள். முதலில் தூங்கியது என் மனைவி.)

எங்களுக்காவது ரயில் டிக்கெட் எடுத்து ஆளை வரவழைக்க முடிந்தது. வங்கியில் பெண்களுக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. இவருக்கு? மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண்ணானால் 6,000. இவருக்கு இது இரண்டாவது, ஆண். ஆக, பூஜ்யம். நாற்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார்.

ஆறு வீடும் சம்பளத்தைப் பிடிக்காமல் மூன்று மாதம் விடுப்பு கொடுத்திருந்தால் யார் வீடு முழுகியிருக்கும்? இதை மாமியிடம் கேட்கவில்லை. "பிரசவ மாசத்துல எவ்வளவு பிடிச்சீங்க?" என்று மட்டும்தான் கேட்டேன். அன்றோடு அந்த வீட்டு ஃபில்டர் காபி எனக்குக் கட் :-)