அம்மாவும் அறிவிப்புப் பலகையும்
குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்கின் கீழே ‘வண்டி ஓட்டக்கூடாது’ என்றொரு பலகை. மின்சக்கர நாற்காலியில் வந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டார். “இதுவும் வண்டிதானே?”

1958ல் இரு சட்ட அறிஞர்கள் இதற்கே மோதினார்கள். பூங்காவில் வாகனம் கூடாதென்றால் கார் கூடாது. அதில் ஐயமில்லை, ஓரத்துச் சங்கதிகளில்தான் குழப்பம் என்றார் ஹார்ட். நினைவுச்சின்னமாக நிறுத்திய ராணுவ லாரி? நோக்கத்தைப் பாருங்கள் என்றார் ஃபுல்லர். எனக்கு ஃபுல்லரைத்தான் பிடிக்கும்.

சிங்கப்பூரிலும் 1993 முதல் சட்டத்தின் நோக்கத்துக்கு முன்னுரிமை. ஆனால் சொல்லைத் தூக்கியெறிய முடியாது. 2017ல் டான் செங் போக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முறையை வகுத்தது: சொற்கள் எந்தெந்தப் பொருளைத் தாங்கும் என்று முதலில் பார், பிறகே நோக்கம்.

“நடப்பவர்களை இடிக்கக்கூடாது, அவ்வளவுதாம்மா.”

“அப்படி எழுதலையே?” என்றார் அம்மா.